"எங்கள் பகுதி முடிந்துவிட்டது" என்பதை நம்பாதீர்கள்

மணலியில் ஒரு கன்டெய்னர் யார்டுக்காக மூன்று குழுக்கள் தனித்தனியே எழுதிய மென்பொருள், பயன்பாட்டுக்கு வந்த முதல் நாளே கேட்டில் முடங்கியது. கேட் பதிவைக் கவனித்த குழு கன்டெய்னர் எண்ணை முழுமையாகச் சேமித்திருந்தது. பில் போடும் குழுவோ கடைசி இலக்கம் தேவையில்லை என்று தானாகவே முடிவு செய்து அதை வெட்டிவிட்டிருந்தது. கன்டெய்னர் எண்ணுக்கான பன்னாட்டுத் தரமான ஐஎஸ்ஓ 6346-இன்படி நான்கு எழுத்துகள், ஆறு இலக்க வரிசை எண், சரிபார்ப்பு இலக்கம் ஒன்று என மொத்தம் 11 இடங்கள் இருக்க வேண்டும் என்பது யார்டில் சீட்டு எழுதுபவருக்குக்கூடத் தெரியும். இரு பக்கத்து எண்களும் பொருந்தாமல், பணம் கட்டிய கன்டெய்னருக்கும் பாக்கி இருப்பதாகத் திரை காட்டியதால், வெளியேற வேண்டிய டிரெய்லர்கள் அப்படியே நின்றன. வடசென்னையின் சரக்குத் தொழிலில் இந்த வகைக் கோளாறைத் திரும்பத் திரும்பப் பார்த்துச் சலித்துப்போனதால்தான் இதை எழுதுகிறேன்.

ஒவ்வொரு குழுவும் தன் பங்கை முடித்துவிட்டால் திட்டமும் ஏறக்குறைய முடிந்துவிட்டது, இணைப்பு வேலையைக் கடைசியில் பார்த்துக்கொள்ளலாம் என்ற எண்ணம் முற்றிலும் தவறானது. மூன்று குழுக்களின் சோதனைகளும் வெற்றி பெற்றனவே என்று மேலாளர்கள் என்னிடம் வாதிடுகிறார்கள். வெற்றி பெறாமல் என்ன செய்யும்? அடுத்த குழுவின் மென்பொருள் கைக்கு வராத நிலையில், அது இப்படித்தான் பதில் தரும் என்று தாங்களே ஊகித்து எழுதிய போலி நிரலோடு அல்லவா ஒவ்வொருவரும் சோதித்தார்கள்? நம் ஊகத்தை நாமே எழுதிய நிரல் ஒருநாளும் மறுக்காது. "நாங்கள்தான் ஆவணம் எழுதி வைத்திருந்தோமே" என்பது அடுத்த சமாதானம். 1999 செப்டம்பரில் செவ்வாயை நெருங்கியபோது நாசா இழந்த மார்ஸ் கிளைமேட் ஆர்பிட்டர் விண்கலத் திட்டத்திலும் மெட்ரிக் அலகையே பயன்படுத்த வேண்டும் என்று ஆவணம் இருந்தது. ஆயினும் ஒரு தரப்பின் மென்பொருள் உந்துவிசைக் கணக்கைப் பவுண்டு விநாடியில் தந்தது. மறுதரப்பு அதை மெட்ரிக் அலகான நியூட்டன் விநாடி என்று எடுத்துக்கொண்டது. ஏறத்தாழ 4.45 மடங்கு வேறுபாட்டை, இரு தரப்பு மென்பொருளையும் சேர்த்து முழுப் பாதையையும் ஓட்டிப் பார்க்கும் சோதனை ஒன்று முன்பே காட்டிக் கொடுத்திருக்கும்.

தாமதமான திட்டத்தில் கூடுதலாக ஆள் சேர்ப்பதும் மருந்தாகாது. 10 பேருக்கிடையே 45 இணைகள் பேசிக்கொள்ள வேண்டுமென்றால் 20 பேருக்கிடையே 190 ஆகிவிடும்.

முதல் மாதத்திலேயே ஒரே ஒரு கன்டெய்னர் உள்ளே வந்து, பில் ஆகி, வெளியே போகும் வரையிலான மெல்லிய பாதையை மூன்று குழுக்களும் சேர்ந்து ஓட்டிக் காட்டுங்கள். அதன்பின் அந்த ஓட்டத்தைத் தினமும் நடத்துங்கள்; உடைந்தால் அன்றே சரிசெய்யுங்கள். இரண்டு குழுக்கள் சந்திக்கும் ஒவ்வோர் இடத்துக்கும் பெயர் குறிப்பிட்டு ஒருவரைப் பொறுப்பாக்குங்கள்; "இரு குழுக்களும் பொறுப்பு" என்று எழுதினால் யாருமே பொறுப்பில்லை என்றுதான் பொருள். தரவின் வடிவத்தை மாற்றுகிறவர், அதைப் பயன்படுத்தும் குழுவின் சோதனைகளையும் ஓட்டாமல் மாற்றத்தைச் சேர்க்கவே கூடாது. மேலாளர்களிடம் தாழ்மையாகக் கேட்டுக்கொள்கிறேன்: வாராந்திரக் கூட்டத்தில் எத்தனை சதவீதம் முடிந்தது என்று கேட்காமல், அந்த ஒரு கன்டெய்னரை உங்கள் கண் முன்னே கேட்டுக்கு வெளியே அனுப்பிக் காட்டச் சொல்லுங்கள்.