தாத்தாவின் துப்பாக்கிக்கு விலை பேசும் முன்

பரணில் கிடைத்த பழைய துப்பாக்கியின் படத்தை அனுப்பி, "சார், இது எவ்வளவுக்குப் போகும்?" என்று கேட்பவர்கள் உண்டு. வழக்கறிஞரான நான் திருப்பிக் கேட்பது ஒன்றுதான்: லைசென்ஸ் யார் பெயரில் இருக்கிறது? பெரும்பாலும் காலமாகிவிட்ட தாத்தாவின் பெயரில் இருக்கும்.

ஆயுதச் சட்டம், 1959-இன் 21-வது பிரிவின்படி, உரிமதாரர் இறந்ததும் துப்பாக்கியைத் தாமதமின்றிக் காவல் நிலையத்திலோ உரிமம் பெற்ற வணிகரிடமோ ஒப்படைக்க வேண்டும். வாரிசு தன் பெயரில் உரிமம் கேட்பது அதற்குப் பிறகுதான். 2019 திருத்தத்துக்குப் பின் பொதுவாக ஒருவருக்கு இரண்டு துப்பாக்கிகள்தான். பரம்பரையாக வந்தவற்றுக்கும் அதே வரம்பு. உரிமமில்லாமல் வைத்திருந்தால் 2 முதல் 5 ஆண்டு வரை சிறை.

"நூறு வருடப் பழசு சார், சட்டம் பொருந்தாதே" என்பார்கள். இந்த அரைகுறை அறிவுதான் ஆபத்து. 45-வது பிரிவு விலக்கு அளிப்பது உண்மை. ஆனால் பழைமை மட்டும் போதாது. பழுது பார்த்தாலும் சுட முடியாத நிலையில் அது இருக்க வேண்டும். மருந்து கெட்டித்துச் சுடும் நாட்டுத் துப்பாக்கியைக் கொல்லர் ஒருவர் அரை நாளில் சரிசெய்துவிடுவார் என்றால் விலக்கு இல்லை. 2020 பிப்ரவரியில் விதிகளைத் திருத்தி, 'கியூரியோ' (அரும்பொருள்) வகைச் சிறு ஆயுதங்களை வைத்திருக்க உரிமம் வேண்டாம் என்றார்கள். அங்கும் பயன்படுத்தவோ எடுத்துச் செல்லவோ உரிமம் தேவை. உங்கள் துப்பாக்கி கியூரியோதான் என்று நீங்களே முடிவு கட்டிக்கொள்ளாமல், உரிமம் வழங்கும் அதிகாரியிடம் எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

சேகரிப்பின் சுகம் எனக்கும் புரியும். அந்நாளில் மவுண்ட் ரோட்டில் கடிகாரத்தோடு துப்பாக்கியும் விற்ற பி.ஆர் அண்ட் சன்ஸின் பெயர் பொறித்த இரட்டைக்குழல் துப்பாக்கியைக் கையில் எடுத்தால் யாருக்கும் ஆசை வரும். குழலைக் கழற்றி அடிப்பக்கத்தைப் பாருங்கள்: சோதனை முத்திரையும் வரிசை எண்ணும் இருக்கும். குழலிலும் உடலிலும் ஒரே எண் இருந்தால் சேகரிப்பாளர் மகிழ்வார். அதுவே உரிமப் புத்தகத்திலும் இருந்தால் நான் மகிழ்வேன். தயவுசெய்து உப்புத்தாள் போட்டுத் தேய்க்காதீர்கள். துருவோடு எழுத்தும் போய்விடும். எண் அழிந்த துப்பாக்கி சந்தையில் விலை இழக்கும், போலீசாரின் சந்தேகத்தையும் கிளப்பும்.

முதலீடு என்பவர்களுக்கு ஒரு வார்த்தை. 1980-களில் தனியார் இறக்குமதிக்குத் தடை வந்தது. இங்கே வெப்லி என்ற பழைய பிரிட்டிஷ் ரிவால்வர் லட்சக்கணக்கில் விலை போவதற்கு அந்தத் தட்டுப்பாடே பெரிய காரணம். கொள்கை மாறினால் விலையும் இறங்கும். வாங்குபவரும் உரிமம் உள்ளவராக இருக்க வேண்டும் என்பதால், அவசரத்துக்கு விற்றுக் காசாக்கவும் முடியாது. வெளிநாட்டு ஏலத்துக்கு அனுப்பலாம் என்றால், நூறாண்டு கடந்த தொல்பொருளைத் தனியார் ஏற்றுமதி செய்ய 1972-ஆம் ஆண்டுச் சட்டம் அனுமதிப்பதில்லை. 20 லட்சம் பவுண்டு மதிப்பிடப்பட்ட திப்பு சுல்தானின் துப்பாக்கி தங்கள் நாட்டை விட்டுப் போகாமலிருக்க 2023-இல் பிரிட்டிஷ் அரசு தற்காலிகத் தடை போட்டது. யாருடைய சொத்துக்கு யார் காவல் என்று சிரித்துக்கொண்டேன்.

கைப்பிடியில் தந்தம் பதித்திருந்தால் வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டமும் சேர்ந்துகொள்ளும்.

பரணில் இருப்பதை இன்றே பையில் போட்டுக்கொண்டு காவல் நிலையத்துக்குக் கிளம்பிவிடாதீர்கள். வழியில் வாகனச் சோதனையில் சிக்கினால் உங்கள் நல்லெண்ணத்தை நிரூபிப்பது கடினம். முதலில் நிலைய அதிகாரிக்கு எழுத்தில் தெரிவித்து, நகலில் கையொப்பமும் முத்திரையும் பெற்றுக்கொள்ளுங்கள். துப்பாக்கி எப்படி வந்து சேர வேண்டும் என்பதை அவர்கள் சொல்வார்கள்.