உதிர்ந்த இலையும் முதிர்ந்த விரலும்

உதிர்ந்த இலை ஒன்றை எடுத்துக் குப்புறப் போடுங்கள். மேல்பக்கம் வழவழவென்று இருக்கும். நரம்புகள் புடைத்து நிற்பது அடிப்பக்கத்தில்தான். அதன்மேல் மெல்லிய வெள்ளைத்தாளை விரித்து, கிரேயானின் காகித உறையை உரித்துவிட்டு, அதைப் படுக்கவைத்த வாக்கில் லேசாகத் தேயுங்கள். முதல் இரண்டு தேய்ப்பில் வெறும் கறைதான் தெரியும். அப்புறம் நடுநரம்பு எழும்பி வரும், அதிலிருந்து கிளை நரம்புகள், கடைசியில் விளிம்பின் பற்கள். தாளுக்கு அடியில் மேடாக இருக்கும் இடத்தில் மெழுகு நன்றாக உரசி ஒட்டிக்கொள்கிறது, பள்ளத்தில் ஒட்டுவதில்லை. இதிலுள்ள இயற்பியல் அவ்வளவுதான்.

குளிர்நாடுகளில் இலையுதிர் காலம் வந்துவிட்டால் முதியோர் இல்லங்களின் மேசைகளில் இதுபோன்ற வேலைகள் களைகட்டும். இலைப்பதிவு எடுப்பார்கள், இலைகளை அட்டையில் ஒட்டுவார்கள், குச்சியும் காய்களும் சேர்த்து வளையம் கட்டுவார்கள். பார்ப்பவர்களுக்கு ஏதோ பொழுதைப் போக்கும் சமாச்சாரம்போலத் தோன்றும். நான் அப்படி நினைக்கவில்லை. முதுமை ஓர் உடம்பிலிருந்து எல்லாவற்றையும் ஒரே வேகத்தில் எடுத்துக்கொண்டு போவதில்லை. சிலவற்றை முதலில் எடுக்கும், சிலவற்றைக் கடைசிவரை விட்டுவைக்கும். இலைவேலை அந்த விட்டுவைத்த பக்கமாகவே சாய்கிறது. நல்ல பராமரிப்பாளர் செய்வதெல்லாம், அந்தச் சாய்வுக்கு ஏற்ப மேசையைத் தயார் செய்வதுதான்.

முதலில் கண். வயதாக ஆகக் கண்மணி சுருங்கிப்போகிறது, விழிலென்ஸ் மெல்ல மஞ்சளிக்கிறது. 20 வயதுக்காரரின் விழித்திரையை எட்டும் ஒளியில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குதான் 60 வயதுக்காரருக்குக் கிடைக்கிறது. அதிலும் மஞ்சள் லென்ஸ் ஊதாவையும் நீலத்தையும்தான் அதிகம் விழுங்கிவிடும். கரும்நீலம் கறுப்பாகத் தெரியும், நீலத்தையும் பச்சையையும் பிரித்தறிவது சிரமமாகும். கண்புரை அறுவை செய்துகொண்டவர்கள், நீலம் இத்தனை பளிச்சென்று இருக்குமா என்று வியப்பது இதனால்தான். சிவப்பும் ஆரஞ்சும் அந்த வடிகட்டியைத் தாண்டி வந்துவிடுகின்றன. உதிரும் இலைகளின் நிறங்கள் எவை என்று யோசித்துப் பாருங்கள்!

ஆனால் இதில் ஒரு சிக்கல் இருக்கிறது. எல்லாவற்றையும் மஞ்சள் கண்ணாடி வழியே பார்ப்பவருக்கு வெள்ளையும் வெளிர்மஞ்சளும் ஒன்றுபோலத்தான் இருக்கும். வெள்ளை அட்டையில் மஞ்சள் இலையை ஒட்டச் சொன்னால், அவர் தடுமாறுவார். நாமோ அவருக்குப் புரியவில்லை என்று முடிவுகட்டிவிடுவோம். புரியாமல் இல்லை, இலை கண்ணுக்குத் தெரியவில்லை. கரும்பழுப்போ கறுப்போ ஆன அட்டையைக் கொடுத்தால் தடுமாற்றம் பெரும்பாலும் தீர்ந்துவிடும். கிரேயானும் அப்படித்தான். வெள்ளைத்தாளுக்கு அடர்சிவப்பும் பழுப்பும் சரி; மஞ்சளை ஒதுக்கிவையுங்கள்.

இலைகளுக்கு அந்த நிறங்கள் வரும் கதையை மேசையில் உட்கார்ந்திருப்பவர்களுக்கும் சொல்லலாம், ஆர்வமாகக் கேட்பார்கள். பகல் சுருங்கிக் குளிர் கூடும்போது மரம் தன் இலைகளிலுள்ள பச்சையத்தை உடைத்து, அதோடு தொடர்புள்ள நைட்ரஜன் போன்ற சத்துகளைத் தண்டுக்குள் இழுத்துக்கொள்கிறது. பச்சை போனதும், கோடை முழுக்க அதன் பின்னால் மறைந்திருந்த கரோட்டினாய்டு என்ற நிறமிகள் மஞ்சளாகவும் ஆரஞ்சாகவும் வெளியே தெரிகின்றன. சிவப்பின் கதை வேறு. ஆந்தோசயனின் என்ற அந்த நிறமியைப் பெரும்பாலும் இலை அந்தச் சமயத்தில்தான் புதிதாகத் தயாரிக்கிறது. அதற்குச் சர்க்கரையும் வெளிச்சமும் வேண்டும். வெயில் அடிக்கும் பகலும், உறையாத அளவுக்குக் குளிர்ந்த இரவும் தொடர்ந்து வந்தால் அந்த ஆண்டு சிவப்பு தூக்கலாக இருக்கும். இதற்கிடையில் காம்பின் அடியில் தனியாக ஒரு செல் அடுக்கு உருவாகி, இலைக்கும் கிளைக்குமான பிடிப்பைத் தளர்த்துகிறது. இலை உதிர்ந்த இடத்தைத் தக்கை போன்ற ஒரு படலம் மூடிவிடுகிறது. காம்பின் நுனியைக் கையில் எடுத்துப் பாருங்கள்: பிய்த்தெடுத்த இலையின் நார் அங்கே இருக்காது, சுத்தமாக ஆறிய ஒரு தழும்புதான் இருக்கும்.

சரி, விரலுக்கு வருவோம். சிக்கல் அதிகம் இருப்பதும் இங்கேதான்.

விரல்நுனியின் மேல்தோலுக்குச் சற்றுக் கீழே, மென்மையான தொடுதலையும் வழுக்கலையும் உணர மெய்ஸ்னர் நுண்ணுறுப்புகள் என்று உண்டு. வயதோடு அவற்றின் எண்ணிக்கை குறைகிறது. வியர்வை வற்றித் தோல் காகிதம்போல வழுக்கத் தொடங்குகிறது. பொருள் நழுவுகிறதா என்ற செய்தி மூளைக்குத் தெளிவாக வராதபோது, கை தானாகவே ஒரு முன்னெச்சரிக்கை எடுக்கும்: தேவைக்கு மேல் இறுக்கிப் பிடிக்கும். காய்ந்த இலையை அப்படிப் பிடித்தால் என்ன ஆகும்? நொறுங்கும். ‘என்னால் ஆகாது’ என்று அவர் கையை மடியில் வைத்துக்கொள்வது பெரும்பாலும் இந்த நொறுங்கலுக்குப் பிறகுதான்.

அதனால் இலையைத்தான் மாற்ற வேண்டும். கிளிசரின் ஒரு பங்கும் தண்ணீர் இரண்டு பங்கும் கலந்து ஒரு தட்டில் ஊற்றி, இலைகள் மூழ்கும்படி மேலே கனம் வைத்துச் சில நாள் விட்டுவிடுங்கள். இலையிலுள்ள தண்ணீரின் இடத்தைக் கிளிசரின் பிடித்துக்கொள்ளும். தண்ணீர்போல அது ஆவியாகிப் போய்விடாது, காற்றிலுள்ள ஈரத்தையும் இழுத்து வைத்துக்கொள்ளும். நிறம் கொஞ்சம் கருத்தாலும் இலை தோல்போல வளையும். இறுக்கிப் பிடித்தாலும் உடையாது. பழைய செய்தித்தாளுக்கு நடுவில் வைத்து அழுத்திக் காயவைத்த இலைகள் பார்க்க அழகுதான், ஆனால் அவை திடமான விரல்களுக்கானவை.

அடுத்தது வலி. கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் சேர்த்துக் கிள்ளிப் பிடிக்கும்போது, நுனியில் கொடுக்கும் விசை கட்டைவிரலின் அடிமூட்டில் ஏறக்குறைய 12 மடங்காகிறது. நுனியில் ஒரு கிலோ அழுத்தம் என்றால் மூட்டில் பன்னிரண்டு கிலோ. மூட்டுத் தேய்மானம் உள்ளவருக்கு மெல்லிய பென்சில் ஏன் எதிரி என்று இப்போது புரிந்திருக்கும். கைப்பிடி தடிமனாக ஆக, கிள்ளும் பிடி உள்ளங்கைப் பிடியாக மாறும். கிரேயானைச் சுற்றிப் பஞ்சுக்குழாயை மாட்டலாம். அதைவிட நல்லது, முன்பே சொன்னபடி உறையை உரித்துப் படுக்கவைத்துத் தேய்ப்பது. அதற்குக் கிள்ளவே தேவையில்லை. கத்தரிக்கோலுக்குப் பதிலாகக் காகிதத்தைக் கையால் கிழிக்கவிடுங்கள். கிழிந்த விளிம்பு இலையின் விளிம்புக்குப் பொருத்தமாகவும் இருக்கும். தாளின் நான்கு மூலையையும் மேசையோடு டேப் போட்டு ஒட்டிவிட்டால், பக்கவாதத்தால் ஒரு கை சோர்ந்தவரும் மற்றொரு கையாலேயே முழு வேலையையும் முடித்துவிடலாம்.

இனி நினைவு. அல்சைமர் நோய் முதலில் தாக்கும் இடங்களில் ஒன்று ஹிப்போகாம்பஸ் என்ற மூளைப்பகுதி. இன்று காலை நடந்ததைப் பதிந்து வைப்பதற்கு அது வேண்டும். ஆனால் பின்னுவது, மடிப்பது, தேய்ப்பது போன்ற கைப்பழக்கங்கள் பெரும்பாலும் வேறு இடத்தில், அடித்தளக் கருக்கள் என்ற மூளையின் ஆழமான பகுதியிலும் சிறுமூளையிலும் இருக்கின்றன. நினைவும் கைப்பழக்கமும் வேறுவேறு என்பது தெளிவானது ஹென்றி மொலைசன் என்ற அமெரிக்கரால். வலிப்பு நோய்க்காக 1953-ல் நடந்த அறுவையில் அவருடைய இரு பக்க ஹிப்போகாம்பஸின் பெரும்பகுதியை எடுத்துவிட்டார்கள். அதற்குப் பிறகு புதிய நினைவுகள் அவரிடம் தங்கவில்லை. பிரெண்டா மில்னர் என்ற உளவியலாளர் அவரைக் கண்ணாடியில் தெரியும் பிம்பத்தை மட்டும் பார்த்து ஒரு நட்சத்திரத்தின் கோட்டை வரையச் சொன்னார். மூன்று நாள் பயிற்சியில் பிழைகள் குறைந்துகொண்டே வந்தன; ஆனால் முன்பு இதைச் செய்ததாக அவருக்கு ஞாபகமே இல்லை. அவர் மறந்துவிட்டார், அவருடைய கை மறக்கவில்லை.

மறதி நோய் உள்ளவருக்கு வாயால் ஐந்து படிகளை வரிசையாகச் சொல்வது வீண். பக்கத்தில் உட்கார்ந்து நீங்களே தேய்க்க ஆரம்பியுங்கள். இல்லையென்றால் கிரேயானை அவர் கையில் வைத்து, முதல் தேய்ப்புக்கு மட்டும் உங்கள் கையைக் கொடுங்கள். இரண்டாவது தேய்ப்பை அவர் கை எடுத்துக்கொள்ளக்கூடும்.

எந்த இலை என்பதை அவரே தேர்ந்தெடுக்கட்டும். இது சின்ன விஷயம் இல்லை. எல்லன் லாங்கர், ஜூடித் ரோடின் என்ற இரு உளவியலாளர்கள் அமெரிக்காவின் கனெக்டிகட் மாநில முதியோர் இல்லம் ஒன்றில் நடத்திய ஆய்வு 1976-ல் வெளியானது. ஒரு மாடியில் இருந்தவர்களிடம், பிடித்த செடியைத் தேர்ந்தெடுத்து நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள் என்றார்கள். இன்னொரு மாடியில் செடியைக் கொடுத்து, செவிலியர் தண்ணீர் ஊற்றுவார் என்றார்கள். சில வாரங்களில் முதல் மாடிக்காரர்கள் கூடுதல் சுறுசுறுப்போடும் மகிழ்ச்சியோடும் இருந்தார்கள். நூறு பேர்கூட இல்லாத சிறிய ஆய்வு என்பதால் இதை வைத்துப் பெரிதாக எதையும் கட்டிவிட முடியாது. இருந்தாலும், பத்து இலைகளைப் பரப்பிவைத்து ‘எது வேணும்?’ என்று கேட்பதற்கு என்ன செலவாகிவிடப் போகிறது? அப்புறம், கார்ட்டூன் முகம் அச்சடித்த குழந்தைத் தாள்களை மட்டும் தயவுசெய்து கொண்டுவராதீர்கள். எழுபது வருடம் வாழ்ந்தவருக்கு அது அவமானம்.

இலை பொறுக்கும்போது கொஞ்சம் கவனம் வேண்டும். வட அமெரிக்காவில் இலையுதிர் காலத்தின் அழகான சிவப்புகளில் ஒன்று விஷப்படர்கொடியுடையது. அதிலுள்ள உருஷியால் என்ற எண்ணெய் இலை காய்ந்த பிறகும் தோலைப் புண்ணாக்கும். சிவந்த சிறு பழங்களில் பல நச்சுள்ளவை. எதையும் வாயில் போட்டுக்கொள்ளும் கட்டத்தில் இருப்பவர் மேசையில் அவை வேண்டாம். பூஞ்சை பிடித்த ஈர இலைகளை வாசலிலேயே கொட்டிவிடுங்கள்.

மறதி நோயாளிகளில் பலருக்கு மாலையில் பதற்றம் கூடும் என்பதால் காலைப் பொழுதே நல்லது. ஜன்னல் ஓரமாக, வெளிச்சம் முகத்தில் அடிக்காமல் தாளின்மேல் விழும்படி நாற்காலியைப் போடுங்கள். மறுநாள் சுவரில் தொங்கும் தாளைப் பார்த்து, ‘இது யார் செஞ்சது?’ என்று அதைச் செய்தவரே கேட்கலாம். வாதாட வேண்டாம், அழகாக இருக்கிறது என்று சொல்லிவிட்டு இன்னொரு இலையைக் குப்புறப் போட்டுத் தாளை விரியுங்கள். இந்த முறை கிரேயானின் உறையை அவரே உரிக்கக்கூடும்.