வேர் சாகாத செஸ்ட்நட்

அமெரிக்காவின் வர்ஜீனியாவில் வசிக்கும் வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார்: "மலைப்பாதையில் ஒரு செஸ்ட்நட் செடியைக் காட்டி, 'இது மரமாகாது. கொஞ்சம் வளர்ந்ததும் செத்துவிடும், அப்புறம் அதே வேரிலிருந்து மறுபடி துளிர்க்கும்' என்றார்கள். ஒரே மரத்தைத் திரும்பத் திரும்பக் கொல்வது என்ன நோய்?"

1904-ல் நியூயார்க்கின் பிராங்க்ஸ் விலங்குக் காட்சிசாலையில் முதலில் கண்டறியப்பட்ட நோய் அது. ஆசியாவிலிருந்து இறக்குமதியான செஸ்ட்நட் மரங்களோடு வந்த ஒரு பூஞ்சை. அடுத்த ஐம்பது ஆண்டுகளுக்குள் ஏறக்குறைய 300 முதல் 400 கோடி மரங்கள் போய்விட்டன. அப்பலாச்சியன் மலைக்காடுகளில் கரடிக்கும் காட்டு வான்கோழிக்கும் மலைவாசிகளுக்கும் இலையுதிர்காலத்தில் கொட்டைகளை வாரிக் கொடுத்த மரம், இன்று பெரும்பாலும் வேர்த்துளிராக மட்டுமே மிஞ்சியிருக்கிறது. மண்ணில் வாழும் நுண்ணுயிர்கள் இந்தப் பூஞ்சையை அண்டவிடாததால் வேர் தப்பிக்கிறது.

சரி, பூஞ்சை எப்படிக் கொல்கிறது? பட்டையில் உள்ள சின்ன வெடிப்பு வழியாக நுழைந்து ஆக்சாலிக் அமிலத்தைச் சுரக்கிறது. நமக்குப் பழகிய பொருள்தான். கருணைக்கிழங்கு நாக்கில் அரிப்பதற்கு இதன் கால்சியம் உப்புதான் காரணம். சிறுநீரகக் கற்களில் பெரும்பாலானவையும் அதே உப்புதான். செடியின் செல்சுவர்களை ஒட்டவைத்திருக்கும் பெக்டினுக்குக் கால்சியம்தான் பிடிமானம். அமிலம் அந்தக் கால்சியத்தைப் பறித்துக்கொள்கிறது. செங்கல் சுவரிலிருந்து சாந்தை மட்டும் உருவியதுபோல் திசு நெகிழ்ந்து சாகிறது. செத்த இடத்தில் பூஞ்சை விசிறியாக விரிந்து முன்னேறுகிறது. புண் தண்டைச் சுற்றி வளைத்ததும் மேலே உள்ளதெல்லாம் காய்ந்துவிடும்.

அப்படியானால் பூஞ்சையைக் கொல்ல வேண்டிய அவசியமே இல்லை, அமிலத்தை உடைத்தால் போதும். இந்த இடம்தான் எனக்கு எப்போது படித்தாலும் சிலிர்ப்பைத் தருவது. அமிலத்தை உடைக்கும் நொதி முளைவிடும் கோதுமையிலேயே இருக்கிறது. ஆக்சலேட் ஆக்சிடேஸ் என்று பெயர். ஆக்சிஜனைச் சேர்த்துக்கொண்டு, ஆக்சாலிக் அமிலத்தைக் கார்பன் டை ஆக்சைடாகவும் ஹைட்ரஜன் பெராக்சைடாகவும் பிரித்துவிடும். பின்னது, புண்ணில் ஊற்றினால் நுரைக்குமே, அதேதான். செடிக்குள் அது பாதுகாப்பைத் தூண்டும் சமிக்ஞையாகவும் வேலை செய்கிறது. நியூயார்க் மாநில சுற்றுச்சூழல் அறிவியல், வனவியல் கல்லூரியில் வில்லியம் பவலும் சார்லஸ் மேனார்டும் கோதுமையின் அந்த ஒரு மரபணுவைச் செஸ்ட்நட்டில் சேர்த்தார்கள். பூஞ்சை அந்த மரத்திலும் உயிரோடு இருக்கும், ஆனால் வெளிப்பட்டையில் ஒண்டிக்கொண்டு கிடக்கும். அதை அழிக்க முயலாததால், எதிர்த்துப் பரிணமிக்க வேண்டிய நெருக்கடியும் அதற்குக் குறைவு.

கலப்பின வழியும் உண்டு. நோயைத் தாங்கும் சீனச் செஸ்ட்நட்டோடு கலந்து, பிறகு மூன்று தலைமுறை அமெரிக்க மரத்தோடே திரும்பக் கலந்தால், கணக்குப்படி பதினாறில் பதினைந்து பங்கு அமெரிக்க மரம் கிடைக்கும். 1983-ல் தொடங்கிய அமெரிக்கன் செஸ்ட்நட் ஃபவுண்டேஷன் இதைத்தான் பல்லாண்டுகள் செய்தது. இரண்டு மூன்று மரபணுக்கள்தான் எதிர்ப்பைத் தருகின்றன என்று நம்பினார்கள். ஆனால் எதிர்ப்பு பல மரபணுக்களில் சிதறியிருந்தது; ஒவ்வொரு கலப்பிலும் அதில் கொஞ்சம் கரைந்தது.

மரபணு வழியிலும் அடி விழுந்தது. கோதுமை மரபணு சேர்த்த மர வகைகளில், டார்லிங் 58 என்று நினைத்து வளர்த்த மரங்கள் உண்மையில் டார்லிங் 54 என்ற வேறொரு வகை என்று 2023-ல் தெரியவந்தது. 54-ல் கோதுமை மரபணு, மரத்தின் சொந்த மரபணு ஒன்றுக்குள்ளேயே போய் உட்கார்ந்திருந்தது. வளர்ச்சியும் குன்றுகிறது என்று சொல்லி ஃபவுண்டேஷன் ஆதரவை விலக்கிக்கொண்டது, கல்லூரி தொடர்ந்தது. பவல் அதற்குச் சில வாரங்கள் முன்புதான் காலமாகியிருந்தார். இதைச் சாக்காக வைத்து, மரபணு மாற்றம் என்றாலே ஆபத்து என்று பேசுவதை நான் ஏற்கமாட்டேன். தவறைக் கண்டுபிடித்ததும் அறிவியல் சோதனைதான், வெளியே சொன்னதும் இந்தப் பணியில் இருந்தவர்கள்தான். என் வருத்தம் வேறு: மூன்று ஆண்டு, ஐந்து ஆண்டு என்று நறுக்கித் தரும் ஆய்வு நிதியை வைத்து மரத்தை ஆராய முடியாது. மரத்தின் ஒரு தலைமுறைக்கே அது போதாது.

இப்போது கோதுமை மரபணுவை, பாப்லார் மரத்திலிருந்து எடுத்த ஒரு விசையோடு, அதாவது மரபணு எப்போது வேலை செய்ய வேண்டும் என்று தீர்மானிக்கும் சுவிட்சோடு, இணைத்துச் சோதிக்கிறார்கள். பழைய வடிவத்தில் நொதி எந்நேரமும் எல்லாத் திசுவிலும் சுரந்துகொண்டிருந்தது. இந்த விசை, பட்டையில் காயமோ தொற்றோ ஏற்பட்டால்தான் முழுவீச்சில் திறக்கும். மரத்தின் சக்தி வீணாகாது.

வாசகர் பார்த்த அந்தச் செடிக்கும் இதில் பங்கு உண்டு. ஆய்வகத்தில் பலத்த வெளிச்சத்தில் வளர்த்தால் செஸ்ட்நட் கன்று ஓராண்டுக்குள்ளேயே மகரந்தம் தருகிறது. கோதுமை மரபணு ஒற்றைப் பிரதியாக உள்ள கன்றின் மகரந்தத்தைக் காட்டுச் செஸ்ட்நட் பூவில் சேர்த்தால், பிறக்கும் கன்றுகளில் பாதிக்கு அது போய்ச்சேரும். காட்டு மரத்திலிருந்து வரும் பாதி, அந்த மலையின் குளிருக்கும் மண்ணுக்கும் பழகிய பழைய மரபு. வேர்த்துளிருக்கு வெயில் படும்படி சுற்றியுள்ள மரங்களைக் கொஞ்சம் கழித்துவிட்டால், நோய் முற்றுவதற்குள் அது சில சமயம் பூத்துவிடும்.