யன்னலுக்கு எல்லையா, கரையா?

"யன்னலின் எல்லைத் தடிப்பைக் குறைக்குக." இலங்கை மலையகத்தில், ஹட்டன், தலவாக்கலைப் பக்கத்துக் கணினி வகுப்புக் குறிப்புகளில் இப்படியொரு வரியைப் பார்த்துப் பார்த்துக் கண் பூத்துவிட்டது. யன்னல் என்பது கணினித் திரையில் திறக்கும் விண்டோ. அதைச் சுற்றியுள்ள போர்டர் என்றால் எல்லையாம். எல்லைக்கு ஏது தடிப்பு? ஒரு தோட்டம் முடிந்து அடுத்த தோட்டம் தொடங்குகிற இடம்தான் எல்லை. அங்கே கல் நடலாம், கான் வெட்டலாம். கல்லுக்குத் தடிப்பு உண்டு, கானுக்கு அகலம் உண்டு, எல்லைக்கு இரண்டும் இல்லை. அந்த வரியைப் படித்த பிள்ளை யன்னலையே சுருக்கிவிட்டு "சரியா சேர்?" என்று கேட்கும். பிள்ளையில் பிழை இல்லை.

சொல் வரலாற்றை ஓட்டமாகச் சொல்லிவிடலாம். யன்னல், போர்த்துக்கேயரின் ஜனேலா. 1658இல் அவர்கள் இலங்கையை விட்டுப் போய்விட்டார்கள், யன்னல் போகவில்லை. சிலப்பதிகாரத்தில் காலதர் உண்டு: கால் காற்று, அதர் வழி. ஆங்கில விண்டோவும் பழைய நோர்ஸ் மொழியில் 'காற்றின் கண்'தான். தனித்தமிழ் விரும்புவோர் சாளரம் என்று எழுதட்டும், சண்டை அதிலில்லை. சண்டை யன்னலைச் சுற்றி ஓடும் பட்டையைப் பற்றியது.

அதற்குக் கரை என்ற சொல் வீட்டுக்குள்ளேயே கிடக்கிறது. சேலையைக் கொடியில் விரித்துப் பாருங்கள். கரை அதே துணியின் பகுதி. ஆனாலும் தனி நிறம், தனி அகலம். "ரெண்டு விரல் கரை" என்றால் கடைக்காரருக்கு உடனே விளங்கும். திரையில் இருப்பதும் அதேதான். ஓரம் பக்க அமைப்பில் மார்ஜினுக்குப் போய்விட்டது. விளிம்பு கடைசிக் கோடு, அதற்கும் தடிப்பில்லை. வரம்புக்குத் தடிப்பு உண்டு, வயல்வரம்பில் நடக்கவே முடியும். ஆனால் அது 'லிமிட்' என்ற பொருளில் ஊறிவிட்டது. சட்டகம் என்றால், யன்னலின் பெயர் தாங்கும் மேற்பட்டையான தலைப்பட்டையும் உள்ளடங்கும். கரைக்கு எதிராக ஒரே நியாயமான வாதம், பிள்ளைகள் 'யன்னல் கறை' என்று எழுதிவிடுவார்கள் என்பது. எழுதினால் திருத்துவதுதானே ஆசிரியர் வேலை!

இன்னும் மோசமானது 'எல்லைத் திணிப்பு'. போர்டர் பேடிங்குக்கு இந்தச் சொல்லாம். மொழித் திணிப்பு கேட்டுப் பழகிய காதுக்கு இது அரசியல் கூட்டம். தையல்காரர் உள்ளே விடும் மடிப்பைப் போல, கரைக்கு உட்புறமாக அகலம் கூட்டுவது அது. உள்மடிப்பு என்றால் போதும். விண்டோஸ் 7இல் யன்னலின் ஒவ்வொரு பக்கமும் 8 பிக்சல் (திரைப்புள்ளி) கரை, அதில் 4 உள்மடிப்பு. இரண்டு யன்னல்களைப் பக்கம் பக்கமாக வைத்தால் நிற்கும் கரைகள் நான்கு, மொத்தம் 32 பிக்சல். உள்மடிப்பை 0 ஆக்கினால் 16 மிச்சம்.

விண்டோஸ் 8இலிருந்து உள்மடிப்பை மாற்றும் அமைப்புப் பெட்டியை எடுத்துவிட்டார்கள். விண்டோஸ் தன் அமைப்புகளைச் சேர்த்து வைக்கும் ரெஜிஸ்ட்ரியில் கரன்ட் யூசரின் கீழ் கன்ட்ரோல் பெனல், டெஸ்க்டொப், விண்டோமெட்ரிக்ஸ் என்று இறங்கினால் பேடட்போர்டர்வித் இருக்கும், அதுதான் உள்மடிப்பின் அகலம். மதிப்பு -60. 15க்கு ஒரு பிக்சல் என்று கணக்கு, ஆகவே 4. அதை 0 ஆக்கி, வெளியேறி மறுபடி உள்நுழைந்தால்தான் பலன் தெரியும். கழித்தல் குறியை மறந்து 15 என்று அடித்தால் 15 பிக்சல் என்றே எடுத்துக்கொள்ளும், கரை காஞ்சிபுரச் சேலை மாதிரி வந்து நிற்கும்.

யன்னலை முழுத்திரைக்குப் பெரிதாக்கி வைத்திருப்பவருக்கு இதில் பெரிய லாபமில்லை. அப்போது கரை திரைக்கு வெளியே போய்விடுகிறது. 1366க்கு 768 லெப்டொப்பில் பஞ்சம் உயரத்துக்குத்தான், அதைத் தின்பது தலைப்பட்டை. லினக்ஸின் திரைச்சூழல்களில் ஒன்றான எக்ஸ்எப்சிஇயில் விண்டோ மனேஜர் டுவீக்ஸில் அக்செசிபிலிட்டி தாவலுக்குப் போய், பெரிதாக்கும்போது தலைப்பை மறைக்கச் சொல்லலாம். இன்னொரு திரைச்சூழலான கேடிஇயில் கேவின்ஆர்சி என்ற அமைப்புக் கோப்பில் 'விண்டோஸ்' என்ற பகுதியின் கீழ் போர்டர்லெஸ்மேக்சிமைஸ்ட்விண்டோஸ் என்பதை ட்ரூ ஆக்க வேண்டும்.

கேடிஇயில் கரைக்கென்றே தெரிவுகள் உண்டு: பக்கக்கரை இல்லை, கரையே இல்லை. இரண்டும் வேறு, முன்னதில் கீழ்க்கரை மட்டும் மிஞ்சும். இதை எல்லைக்காரர்கள் மொழிபெயர்த்தால் 'எல்லைகள் இல்லை' என்று வரும். தேவாரம் பாடுகிறார்களா, திரையமைப்புச் சொல்கிறார்களா?

கரையை ஒரேயடியாக ஒட்ட வெட்டினால் மௌஸ் பிடிக்க இடமிராது. எக்ஸ்எப்சிஇயில் ஆல்ட்டை அழுத்திக்கொண்டு யன்னலுக்குள் எங்கேயாவது வலப்பொத்தானால் இழுத்தால் அளவு மாறும். விண்டோஸில் ஆல்ட்டும் ஸ்பேஸும், பிறகு எஸ், பிறகு அம்புவிசை. குறிப்புத்தாளில் இதற்கு 'மீளளவிடல்' என்று போட்டிருக்கிறார்கள். மறுபடி அளந்து பார்ப்பதா, மாற்றுவதா? 'அளவு மாற்று' என்று எழுதினால் யார் அடிக்க வரப்போகிறார்கள்?