மலைக்கு டி.ஆர்.பி. போஸ்டிங் வரும் சர்ஜரி பி.ஜி.க்களுக்கு

பொது அறுவை சிகிச்சையில் எம்.எஸ். படிக்கும் எல்லோரும் மூன்று ஆண்டுப் படிப்பில் மூன்று மாதங்களைக் கல்லூரிக்கு வெளியே, ஒரு மாவட்ட அரசு மருத்துவமனையில் கழித்தாக வேண்டும். மாவட்ட உறைவிடப் பயிற்சித் திட்டம் (District Residency Programme) என்பது அதன் பெயர். வார்டில் யாரும் அப்படிச் சொல்வதில்லை, டி.ஆர்.பி. போஸ்டிங் என்றுதான் பேச்சு. 2020 செப்டம்பரில் வந்த விதி இது. 2021இல் சேர்ந்த முதுநிலை மாணவர்களிலிருந்து நடைமுறைக்கு வந்தது. 2023இல் தேசிய மருத்துவ ஆணையம் வெளியிட்ட முதுநிலை மருத்துவக் கல்வி விதிமுறைகளிலும் இது தொடர்கிறது. அரசுக் கல்லூரியோ தனியார் கல்லூரியோ, விதி ஒன்றுதான்.

ஊட்டியில் இப்போது அரசு மருத்துவக் கல்லூரியே இருக்கிறது. தமிழ்நாட்டில் 2022 ஜனவரியில் திறந்த 11 கல்லூரிகளில் அதுவும் ஒன்று. இங்கே நான் எழுதுவது அதற்கு அப்பால், கூடலூர், குன்னூர் போன்ற ஊர்களின் அரசு மருத்துவமனைகளை மனதில் வைத்து. "நீலகிரி போட்டிருக்கிறார்கள், மூன்று மாதம் வீணாகப் போச்சு" என்று சில பிள்ளைகள் சொல்லிக் கேட்டிருக்கிறேன். வீணாகாது. ஆனால் விதி உங்களுக்கு என்ன தருகிறது என்று தெரிந்துகொண்டு வந்தால்தான் வீணாகாமல் இருக்கும்.

போஸ்டிங் 3, 4, 5 ஆகிய பருவங்களில் (செமஸ்டர்) ஏதாவது ஒன்றில் வரும். சுழற்சிப் பட்டியலை மாநில அரசு போடுகிறது. கேட்டு வாங்க வாய்ப்பிருந்தால் நான்காம் பருவத்தைக் கேளுங்கள். அதற்குள் குடல்வால், குடலிறக்கம் எல்லாம் கை பழகியிருக்கும். ஐந்தாம் பருவம் என்றால் ஆய்வேடு தலைக்கு மேல் நிற்கும். இறுதித் தேர்வுக்கு ஆறு மாதத்துக்கு முன்பே அதைக் கொடுத்தாக வேண்டும் அல்லவா.

முதலில் பணம். இந்த மூன்று மாதமும் உங்கள் உதவித்தொகையை முழுதாக உங்கள் கல்லூரியே தர வேண்டும். மாவட்டத்திலிருந்து வருகைப் பதிவு கல்லூரிக்குப் போக வேண்டும் என்பது மட்டும்தான் நிபந்தனை. சிக்கல் வருவதும் இங்கேதான். அரசுக் கல்லூரிகள் மருத்துவக் கல்வி இயக்குநரகத்தின் கீழ் இருக்கின்றன, மாவட்ட மருத்துவமனைகள் மருத்துவம் மற்றும் ஊரக நலப் பணிகள் இயக்குநரகத்தின் கீழ் இருக்கின்றன. இரண்டு துறைக்கும் நடுவே ஒரு தாள் நின்றுபோனால் இரண்டு பக்கமும் யாருக்கும் அது உறுத்தாது, உறுத்துவது உங்களுக்கு மட்டும்தான். ஒரு மாணவிக்கு இப்படி இரண்டு மாதம் உதவித்தொகை வராமல் நின்றது எனக்குத் தெரியும். வீட்டுக்குப் பணம் அனுப்பிக்கொண்டிருந்த பெண் அவர். அதனால் மாதக் கடைசியில் வருகைப் பதிவு போய்விட்டதா என்று நீங்களே கேளுங்கள், நகல் ஒன்றை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு மாவட்டத்திலும் இந்தத் திட்டத்துக்கு ஓர் ஒருங்கிணைப்பாளர் உண்டு. வந்த அன்றே அவரைப் பார்த்து வேலையில் சேர்ந்ததை எழுத்தில் பதிந்துவிடுங்கள்.

அடுத்தது தங்குமிடம். பொருத்தமான இருப்பிடம், போக்குவரத்து, பாதுகாப்பு ஆகியவற்றுக்கு மாநில அரசு ஏற்பாடு செய்ய வேண்டும் என்று விதியிலேயே இருக்கிறது. இது சலுகை இல்லை, உரிமை. சமவெளியில் எப்படியோ, மலையில் இதை விட்டுக்கொடுக்கவே கூடாது. ராத்திரி இரண்டு மணிக்கு டூட்டி டாக்டர் கூப்பிடுகிறார், அறை ஒரு கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது, வழியில் காட்டெருமை நிற்கிறது என்றால் என்ன செய்வீர்கள்? கூடலூர் பக்கம் யானையும் வரும். மருத்துவமனை வளாகத்துக்குள் அறை கேளுங்கள், இல்லையென்றால் இரவு அழைப்புக்கு வண்டி கேளுங்கள். வாயால் கேட்டது நிற்காது, எழுதிக் கொடுங்கள். சொந்த வண்டியில் வருவதாக இருந்தால் இ-பாஸ் எடுக்க வேண்டும். சென்னை உயர் நீதிமன்ற உத்தரவின்படி 2024 மே 7 முதல் நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் அது கட்டாயம். அரசுப் பேருந்தில் வந்தால் தேவையில்லை. அப்புறம், ஜூன், ஜூலையில் கூடலூர், தேவாலா மழை எப்படிப்பட்டது என்று தெரியாமல் ஒரு குடையோடு வந்துவிடாதீர்கள். நல்ல மழைக்கோட்டும் இரண்டு ஸ்வெட்டரும் வேண்டும்.

வேலை நேரம் பற்றி 2023 விதிமுறைகள் சொல்வது கொஞ்சம்தான்: நியாயமான வேலை நேரம், நாளில் நியாயமான ஓய்வு, பணி நெருக்கடி இல்லாவிட்டால் வாரம் ஒரு நாள் விடுப்பு. ஆண்டுக்குக் குறைந்தது 20 நாள் ஊதியத்துடன் கூடிய தற்செயல் விடுப்பும் உண்டு. 'நியாயமான' என்ற சொல்லுக்கு அங்கே எண் எதுவும் இல்லை, அது பெரிய குறை என்பேன். மருத்துவ மாணவர்களின் மனநலம் பற்றி ஆணையம் அமைத்த பணிக்குழு 2024இல் வாரத்துக்கு 74 மணி நேரத்தைத் தாண்டக் கூடாது என்று பரிந்துரைத்தது. பரிந்துரைதான் என்றாலும் பேசும்போது கையில் ஓர் எண் இருக்கும். டி.ஆர்.பி. காலத்திலும் வார விடுப்பு உண்டு; மற்ற விடுப்பை ஒருங்கிணைப்பாளரிடம் சொல்லி எடுக்கலாம். மலையில் தனியாக உட்கார்ந்திருக்கும்போது மனசு பாரமானால் 14416க்குப் பேசுங்கள், டெலி மானஸ் என்ற அரசின் மனநல உதவி எண் அது, 24 மணி நேரமும் எடுப்பார்கள். அழைப்பதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

சரி, படிப்புக்கு வருவோம். புறநோயாளிகள், வார்டு, அவசரப் பிரிவு, இரவு டூட்டி என்று எல்லாவற்றிலும் உங்களுக்கு வேலை உண்டு. மாவட்ட மருத்துவமனையின் அறுவை சிகிச்சை நிபுணர் உங்களுக்கு வழிகாட்டுவார். கல்லூரி ஆசிரியர்களோடு தொலைபேசியிலும் இணையத்திலும் தொடர்பில் இருக்கவும் இணைய வகுப்புகளில் கலந்துகொள்ளவும் விதி இடம் தருகிறது. உங்களைத் தனியே விட்டுவிட்டு மூத்தவர் வீட்டுக்குப் போவது பயிற்சி ஆகாது. தெரியாத கேஸில் கத்தியை எடுக்காமல் போனை எடுங்கள்.

கல்லூரி மருத்துவமனையில் கற்க முடியாதது இங்கே ஒன்று இருக்கிறது: யாரை இங்கேயே வைத்துப் பார்ப்பது, யாரை, எப்போது, எப்படிக் கீழே அனுப்புவது. கூடலூரிலிருந்து ஊட்டிக்குச் சுமார் 50 கிலோமீட்டர், அங்கிருந்து கோவைக்கு இன்னும் சுமார் 85. மேட்டுப்பாளையம் வரை கொண்டை ஊசி வளைவுகளும் மழையில் சரியும் மண்ணும் நிறைந்த பாதை. தேயிலைத் தோட்டத்தில் சறுக்கி விழுந்து விலா உடைந்து, நெஞ்சுக்குள் காற்று சேர்ந்த ஒருவரை 108இல் ஏற்றிவிட்டால் கடமை முடிந்தது என்று நினைக்கலாமா? நெஞ்சுக் குழாய் போட்டு, அது ஓடுகிறதா என்று பார்த்து, போகும் மருத்துவமனையின் டூட்டி டாக்டரிடம் பேசி, குன்னூரிலிருந்து மேட்டுப்பாளையம் இறங்கும் பர்லியாறு பாதை திறந்திருக்கிறதா, கோத்தகிரி சுற்றிப் போக வேண்டுமா என்று கேட்டு, அதற்கப்புறம்தான் அனுப்ப வேண்டும். தாளில் நேரத்தோடு எழுதுங்கள். குழாய் போடாமல் அனுப்பிய நோயாளி பாதி வழியில் மூச்சு முட்டித் திரும்பி வந்ததை நான் பார்த்திருக்கிறேன். அதிலிருந்து இதை எல்லோரிடமும் சொல்லிக்கொண்டே இருக்கிறேன்.

இன்னொன்று, அரிவாள் செல் சோகை, அதாவது இரத்தச் சிவப்பணுக்கள் அரிவாள் போல வளைந்துபோகும் பரம்பரை நோய். கூடலூர், பந்தலூர்ப் பகுதியின் பழங்குடி மக்களிடம், குறிப்பாகப் பணியர்களிடம், இது இருக்கிறது. பணியர் சமூகத்துப் பையன் ஒருவன் வயிற்று வலியோடு வந்தால் குடல்வால் என்று உடனே முடிவு கட்டாதீர்கள். அரிவாள் செல் நெருக்கடியும் அப்படியே வயிற்று வலியாக வரும். அதற்காகக் குடல்வாலே இருக்காது என்றும் விட்டுவிடக் கூடாது. அரிவாள் செல்லுக்கான இரத்தப் பரிசோதனைக்கு அனுப்புங்கள், முடிவுக்குக் காத்திராமல் மயக்க மருந்து நிபுணரிடம் முன்கூட்டியே பேசுங்கள். அறுவை செய்தே ஆக வேண்டும் என்றால் உடம்பு குளிரக் கூடாது, நீர்ச்சத்து குறையக் கூடாது, ஆக்சிஜன் இறங்கக் கூடாது. ஊட்டிக் குளிரில் அறுவை அரங்கத்தின் சூடு எவ்வளவு என்று கேட்பது அதிகப்படியான கேள்வி இல்லை. பேச்சும் கவனம்: இங்கே தமிழோடு படுகு, மலையாளம், பணியர் மொழி எல்லாம் புழங்கும். ஒப்புதல் வாங்கும்போது அவர்கள் மொழி தெரிந்த சிஸ்டரையோ சுகாதாரப் பணியாளரையோ பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். தலையாட்டினால் புரிந்தது என்று அர்த்தமில்லை.

இந்த மூன்று மாதத்தைத் திருப்தியாக முடித்தால்தான் இறுதித் தேர்வு எழுத முடியும். ஆகவே லாக் புக்கில் அன்றன்று எழுதி, வாரா வாரம் நிபுணரிடம் கையெழுத்து வாங்குங்கள். கடைசி நாளில் மொத்தமாக நீட்டினால் அவர் விடுப்பில் இருப்பார். நிறைவுச் சான்றிதழை ஒருங்கிணைப்பாளரிடமிருந்து கையில் வாங்கி, பெயரும் தேதிகளும் சரியா என்று பார்த்த பிறகே மேட்டுப்பாளையம் பஸ் ஏறுங்கள். ஒரு எழுத்துப் பிழைக்காக மறுபடி மலையேறி வருவதற்கு ஒரு முழு நாள் போய்விடும்.