பச்சை விளக்கு எதைப் பார்த்து எரிகிறது? நார்வேயின் சால்மன் பண்ணை விதி

மலேசியாவின் நிபோங் திபாலில் எங்கள் பக்கத்து வீட்டு அக்கா சென்ற வாரம் ஒரு சால்மன் பொட்டலத்தோடு வந்து நின்றார். பேரப்பிள்ளைக்காக வாங்கியது. "நார்வேயில் அரசாங்கம் பச்சை விளக்கு காட்டினால்தான் இந்த மீனை வளர்க்க முடியுமாம். அதனால் கடலுக்குக் கெடுதல் இல்லை என்கிறான் என் மகன். உண்மையா தம்பி?" என்று கேட்டார்.

மகன் சொன்னதில் பாதி உண்மை. விளக்கு இருக்கிறது. ஆனால் அது எதைப் பார்த்துப் பச்சையாகிறது என்பதை அவர் சொல்லவில்லை.

செம்பனை ஆலைக்குப் பக்கத்தில் வளர்ந்தவர்களுக்கு இதைப் புரியவைப்பது எளிது. நான் சிறுவனாக இருந்தபோது தோட்டத்து ஆலையின் கழிவு நேராக ஓடையில் இறங்கும். காப்பி நிறத்தில் எண்ணெய் மிதக்கும், நாற்றம் லயம் வரை வரும், மறுநாள் மீன்கள் வயிறு காட்டி மிதக்கும். நஞ்சு என்று நினைத்தோம். உண்மையில் அந்த மீன்கள் மூச்சு முட்டிச் செத்தன. கழிவைத் தின்று தீர்க்கும் கிருமிகள் நீரிலிருந்த பிராணவாயுவை எல்லாம் இழுத்துக்கொண்டன. கிருமிகளுக்கு எவ்வளவு பிராணவாயு தேவைப்படுகிறது என்பதுதான் கழிவின் அளவுகோல். சுத்திகரிக்காத ஆலைக் கழிவில் அது லிட்டருக்குச் சுமார் 25,000 மில்லிகிராம். 1977-இல் மலேசிய அரசு ஆலைகளுக்கு உரிம விதிகளைக் கொண்டுவந்தது. 1978-இல் 5,000 என்று தொடங்கிய வரம்பை ஆண்டுக்கு ஆண்டு இறுக்கி, 1984-இல் 100-க்குக் கொண்டுவந்தது. ஆலைக்குக் குழாய் வாய் என்று ஒன்று இருப்பதால் இது முடிந்தது. அதிகாரி அங்கே போய்ப் புட்டியில் பிடித்து அளந்துவிடலாம்.

சால்மன் பண்ணைக்குக் குழாய் வாய் கிடையாது. கடலில் மிதக்கும் வலைக்கூண்டு அது. நார்வேயில் ஒரு கூண்டில் 2,00,000 மீன்கள் வரை விடலாம். மிஞ்சிய தீவனமும் மீனின் எச்சமும் மருந்தும் வலைக்கண் வழியாக எல்லாப் பக்கமும் போகும். எந்த இடத்தில் புட்டியைப் பிடிப்பது? நார்வே அரசு இதற்கு ஒரு விடை கண்டது. எல்லாவற்றையும் அளக்க முடியாது, மீன்மேல் ஒட்டும் பேனை எண்ணுவோம் என்றது.

கடல் பேன் என்பது சால்மனின் தோலையும் சளியையும் தின்று வாழும் சிறு ஒட்டுண்ணி. பெரிய மீனுக்குச் சில பேன்கள் தொல்லை, அவ்வளவுதான். வசந்த காலத்தில் ஆற்றிலிருந்து முதன்முறையாகக் கடலுக்கு இறங்கும் விரல் நீளக் குஞ்சுக்கு அதே பேன்கள் எமன். அந்தக் குஞ்சுகள் குறுகலான கடற்கழிகளைக் கடந்துதான் வெளிக்கடலுக்குப் போக வேண்டும். பண்ணைகளும் அந்தக் கழிகளில்தான் இருக்கின்றன.

2017-இல் நடைமுறைக்கு வந்த விதி நார்வேயின் கடற்கரையை 13 பகுதிகளாகப் பிரித்தது. இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை ஆய்வாளர் குழு ஒவ்வொரு பகுதிக்கும் ஒரே கேள்வியை வைக்கிறது: கடலுக்கு இறங்கும் ஆற்று சால்மன் குஞ்சுகளில் எத்தனை விழுக்காடு பண்ணைப் பேனால் சாகின்றன? 10 விழுக்காட்டுக்குக் கீழே என்றால் பாதிப்பு குறைவு, 10 முதல் 30 வரை நடுத்தரம், 30-ஐத் தாண்டினால் அதிகம். இந்த மதிப்பீட்டைக் கையில் வைத்துக்கொண்டு நிறத்தைத் தீர்மானிப்பது அமைச்சு. பச்சை கிடைத்த பகுதியில் பண்ணைகள் 6 விழுக்காடு வளரலாம். மஞ்சளில் இருப்பது அப்படியே இருக்கும். சிவப்பில் 6 விழுக்காடு குறைக்க வேண்டும். சாதாரண உரிமம் ஒன்றுக்கு, நீரில் உயிரோடு இருக்கும் மீனின் எடை 780 டன் வரை போகலாம். சிவப்பு விழுந்தால் அதில் 47 டன் அளவுக்குக் கழிய வேண்டும். மிகக் குறைந்த பேன் என்று எண்ணிக்கை காட்டி நிரூபிக்கும் பண்ணைக்குச் சிவப்புப் பகுதியிலும் விலக்கு உண்டு.

குறைக்கச் சொல்லும் உத்தரவு முதன்முதலில் வந்தது 2020-இல், மேற்குக் கரையில் அடுத்தடுத்து இருக்கும் 4, 5 ஆகிய இரண்டு பகுதிகளுக்கு. பண்ணை நடத்துவோர் சிலர் நீதிமன்றம் போனார்கள். 2021-இல் கீழ் நீதிமன்றம் அரசின் பக்கம் நின்றது.

தனிப் பண்ணைக்கும் ஒரு வரம்பு உண்டு. சராசரியாக ஒரு மீனுக்கு 0.5 முதிர்ந்த பெண் பேனுக்கு மேல் போகக்கூடாது. குஞ்சுகள் இறங்கும் வசந்த வாரங்களில் 0.2. ஐந்து மீனுக்கு ஒரு பேன்தானே என்று தோன்றும். 2,00,000 மீன் உள்ள கூண்டில் அது 40,000 பெண் பேன், ஒவ்வொன்றும் நூற்றுக்கணக்கில் முட்டையிடும். பண்ணை விதிக்குக் கட்டுப்பட்டுத்தான் நடக்கிறது, பேனும் பெருகிக்கொண்டுதான் இருக்கிறது. பகுதிக்கு விளக்கு தேவைப்பட்டது இதனால்தான். நார்வேயின் கூண்டுகளில் எந்நேரமும் சுமார் 400 மில்லியன் சால்மன் இருக்கின்றன. கடலிலிருந்து ஆற்றுக்குத் திரும்பும் ஆற்று சால்மன் அண்மை ஆண்டுகளில் ஐந்து லட்சத்துக்கும் கீழேதான். 1980-களில் அது பத்து லட்சத்தை ஒட்டி இருந்தது. 2024 ஜூனில் 33 ஆறுகளில் சால்மன் பிடிப்பதையே நிறுத்திவைத்தார்கள். இந்தச் சரிவுக்குப் பேன் மட்டும் காரணமில்லை, கடலும் மாறிவருகிறது. ஆனாலும் பேனும், கூண்டிலிருந்து தப்பும் மீனும் பெரிய காரணங்கள் என்றே அந்நாட்டின் சால்மன் ஆய்வாளர் குழு சொல்கிறது.

பச்சை விளக்கு சொல்லாமல் விடுவது என்ன? தப்பிய மீனைச் சொல்லாது. வலை கிழிந்து வெளியேறும் பண்ணை மீன் ஆற்றில் ஏறி ஆற்று மீனோடு இனம் கலக்கிறது. ஆராய்ந்த ஆற்று சால்மன் கூட்டங்களில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கில் இந்தக் கலப்பின் தடம் தெரிகிறது. மருந்தையும் சொல்லாது. பேனும் இறாலும் நண்டும் ஓட்டுடலிகள், ஒரே குலம். பேனைக் கொல்லும் மருந்து கூண்டுக்கு வெளியே இறாலைப் பார்த்து ஒதுங்கிப் போகாது. கடலடிக்குத் தனி விதி இருக்கிறது: கூண்டின் கீழே மண் எடுத்துச் சோதிக்க வேண்டும், ஒவ்வோர் அறுவடைக்குப் பிறகும் குறைந்தது இரண்டு மாதம் இடத்தைக் காலியாக விட வேண்டும். அந்தச் சோதனை விளக்கின் நிறத்தில் சேராது.

எனக்கு மிகவும் உறுத்துவது வேறொன்று. பேனை எண்ணித் தண்டித்தால் பண்ணைக்காரர் எதைக் கொடுத்தாவது பேனைக் குறைக்கத்தானே பார்ப்பார்? மருந்துக்குப் பேன் மசியாமல் போனதும் மீனை வெந்நீரில் முக்கி எடுக்கிறார்கள், நீரைப் பீய்ச்சி அடிக்கிறார்கள், தூரிகையால் தேய்க்கிறார்கள். பேன் உதிர்கிறது. மீனுக்குத் தோல் உரிகிறது, நோய் தொற்றுகிறது. பேன் தின்னும் வேறு மீன்களையும் பல மில்லியன் கணக்கில் கூண்டில் விட்டார்கள், பெரும்பாலானவை அங்கேயே செத்தன. 2023-இல் மட்டும் கடல் கூண்டுகளில் இறந்த சால்மன் 62.8 மில்லியன், அதாவது 16.7 விழுக்காடு. அத்தனையும் பேன் நீக்கத்தால் வந்த சாவு அல்ல, ஆனால் அதற்குப் பெரிய பங்கு உண்டு. மூட்டைப்பூச்சிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்திய கதை. கூண்டு மீன் எத்தனை செத்தாலும் விளக்கு நிறம் மாறாது.

சரி, நம் பக்கத்துக்கு வருவோம். மலேசியாவில் கடல் கூண்டில் சால்மன் வளராது, நம் நீர் அதற்குச் சூடு. புக்கிட் தம்பூன் பக்கம் மிதக்கும் கூண்டுகளில் வளர்வது சியாகாப்பும் கெராப்புவும். 1985-ஆம் ஆண்டின் மீன்வளச் சட்டமும் அதன்கீழ் 1990-இல் வந்த கடல் வளர்ப்பு முறை விதிகளும் இதற்கு மீன்வளத்துறையின் உரிமம் வேண்டும் என்கின்றன. பேன் கணக்கோ நிற விளக்கோ அதில் இல்லை.

ஊர்க்காரர்கள் தெரிந்துவைத்திருக்க வேண்டியது இன்னொன்று. சதுப்புக்காட்டை வெட்டி இறால், மீன் குளம் அமைக்கும் திட்டம் 20 ஹெக்டரைத் தொட்டால் 2015-ஆம் ஆண்டு ஆணைப்படி சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீடு கட்டாயம். 50 ஹெக்டரும் அதற்கு மேலும் என்றால் அறிக்கையைப் பொதுமக்கள் பார்வைக்கு வைத்தாக வேண்டும். யாரும் படிக்கலாம், எழுத்தில் கருத்துச் சொல்லலாம். அந்தப் பிரிவு நிலத்தில் வெட்டும் குளத்துக்குத்தான். கடலில் மிதக்கும் கூண்டு அதில் அடங்காது.

அக்காவின் பொட்டலத்தைத் திருப்பிப் பார்த்தோம். உணவு விதிமுறைகள் 1985-இன்படி, இறக்குமதியான பொட்டல உணவில் எந்த நாட்டிலிருந்து வந்தது என்பதும் இங்கே இறக்குமதி செய்தவரின் பெயரும் முகவரியும் இருக்க வேண்டும். அவை இருந்தன. 13 பகுதிகளில் எதிலிருந்து வந்தது, அப்போது அங்கே எந்த நிறம் என்று எழுத வேண்டிய கட்டாயம் இல்லை, எழுதவும் இல்லை. அட்லாண்டிக் சால்மன் என்று போட்டிருந்தால் அநேகமாகப் பண்ணை மீன்தான். அந்த இனத்தில் கடைக்கு வருவது ஏறக்குறைய முழுவதும் கூண்டில் வளர்ந்தது.

நார்வே இந்த விளக்கோடு நிற்கப்போவதில்லை. பகுதிக்கு ஒரு நிறம் என்பதை விட்டு, ஒவ்வொரு பண்ணையும் எவ்வளவு பேனைக் கடலில் விடலாம் என்று ஒதுக்கீடு வைக்கும் யோசனையை அந்நாட்டு அரசு 2025-இல் நாடாளுமன்றத்தின் முன் வைத்தது. நம் ஆலை விதியில் 1977-லேயே இதற்கு ஒரு சாயல் உண்டு: நீரில் விடும் கழிவின் கனத்துக்கேற்ப ஆலை உரிமக் கட்டணம் கட்ட வேண்டும். இதைச் சொன்னதும் அக்கா, "அப்படியானால் நம் ஆலைக்காரன் அவர்களுக்கு அண்ணனா?" என்று கேட்டுவிட்டு, பொட்டலத்தைக் குளிர்பெட்டியில் வைக்கப் போனார்.