லூயி பக்திமான் அல்லர்

மறுபடியும் ‘பக்திமான் லூயி’. போன வாரம் மெய்ப்புப் பார்க்க வந்த ஒரு போட்டித்தேர்வுக் கையேட்டில், ஒரே பக்கத்தில் மூன்று முறை. படிக்கும்போதே, நெற்றி நிறையத் திருநீறும் கையில் ஜால்ராவுமாக ஒரு பிராங்கிய அரசர் கண்முன் வந்து நின்றார்.

ஆள் வேறு யாருமில்லை. மேற்கு ஐரோப்பாவின் பெரும்பகுதியை ஆண்ட பிராங்கியப் பேரரசர் சார்லமேனின் மகன் முதலாம் லூயி, 814 முதல் 840 வரை பேரரசர். ஆங்கிலத்தில் ‘லூயி தி பயஸ்’, அதைத்தான் ‘பக்திமான்’ ஆக்கியிருக்கிறார்கள். அடைமொழி லத்தீனில் ‘பியுஸ்’. பெற்றவர், உற்றார், நாடு, தெய்வம் எல்லாருக்கும் செய்யவேண்டியதை மனமொப்பிச் செய்பவர் என்று பொருள். எரியும் டிராய் நகரிலிருந்து கிழத் தந்தையைத் தோளில் சுமந்து வந்த லத்தீன் காவிய நாயகன் ஈனியாஸுக்குக் கிடைத்த பெயரும் இதுதான்.

‘பக்தி’ வடசொல் என்பது என் சண்டையல்ல. ‘பத்தி’ என்று நம்முடையதாக்கி ஆயிரம் ஆண்டுக்கு மேல் பாடியாயிற்று. இதே ‘பியுஸ்’ஸை, அதாவது பயஸ் என்ற பெயரைக் கொண்ட போப்புகளைக் கத்தோலிக்கத் தமிழர் ‘பத்திநாதர்’ என்றார்கள், அங்கே பொருந்துகிறது. லூயியிடம்தான் இடிக்கிறது. ‘பக்திமான்’ என்றதும் உறவும் நாடும் உதிர்ந்துபோய்த் தெய்வம் மட்டும் மிஞ்சுகிறது. அந்த மனிதரின் கதையோ முழுக்க முழுக்க உறவுக் கதை. தனக்கு எதிராகக் கிளம்பிய அண்ணன் மகன் பெர்னார்டின் கண்களை 818இல் பறிக்கச் செய்தார். பையன் அதிலேயே செத்தான். நான்கு ஆண்டு கழித்து, 822இல், அட்டினியில் ஊரறியத் தவமிருந்து அந்தப் பாவத்தை ஒப்புக்கொண்டார். 833இல் முறை மாறியது. கோல்மார் பக்கத்தில் மூத்த மகன்கள் மூவரும் படையோடு எதிரே நிற்க, அப்பாவின் ஆட்கள் கொஞ்சம் கொஞ்சமாக அந்தப் பக்கம் நழுவிவிட்டார்கள். அந்த இடத்துக்குப் ‘பொய்யின் களம்’ என்றே பெயர் நின்றுவிட்டது. ‘பியுஸ்’ என்ற சொல் சுருக்கென்று குத்துவது இங்கேதான். ‘பக்திமான்’ என்று போட்டால் குத்தவே குத்தாது.

என் கட்சி ‘பற்றாளர் லூயி’. இறைப்பற்று, நாட்டுப்பற்று, குடும்பப்பற்று என்று மூன்று பக்கமும் ஒட்டுகிற தமிழ்ச் சொல் ‘பற்று’. பற்றை விடு என்றுதானே பெரியோர் சொன்னார்கள் என்பீர்கள். சொன்னார்கள்தான், லூயி விட்டவரில்லையே! கையேட்டுக்காரர் மறுத்தது வேறு காரணத்துக்காக: “சார், பற்றாளர்னா கட்சிக்காரர் மாதிரி இருக்கு.” பக்திமான் பஜனைக்காரர் மாதிரி இருப்பது மட்டும் அவருக்கு உறுத்தவில்லை.

பிரெஞ்சுக்காரர்கள் இவரை ‘தெபொனேர்’ என்பார்கள். பழைய பிரெஞ்சில் அது நல்ல மனசுக்காரர், இளகியவர். பின்னால் ஆங்கிலத்துக்குப் போய் மிடுக்கான ஆணுக்கு ஆகிவிட்டது. அந்த ஆங்கிலத்தை நம்பி ஒருவர் ‘நாகரிக லூயி’ என்று எழுதியதையும் இந்தக் கண்ணால் பார்த்தேன். மூலமொழியை எட்டிப் பார்க்க வேண்டாம், பக்கத்தில் கிடக்கும் அகராதியின் முதல் பொருள் போதும் என்று மொழிபெயர்ப்பாளர்கள் முடிவுகட்டி வெகுநாளாகிறது.

கையேட்டின் அடுத்த பக்கத்தில் இவருடைய கடைக்குட்டி வருகிறார்: ‘மொட்டை சார்லஸ்’. வழுக்கை வேறு, மொட்டை வேறு ஐயா.